களிமேட்டு முனியப்பருக்கு ஒரு நோட்டீஸ்

“கையில வாங்குனவங்க கீழ போடுறதுக்குள்ள படிச்சு முடிச்சிரணும்க்கா. நோட்டீஸுன்னா அவ்ளோதான்,” என்றாள் கனிமொழி.

கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே அவள் இதனைச் சொன்னாள். விருத்தாசலம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் அவளுடைய அச்சுக் கடை இருந்தது. மஞ்சள் நீராட்டு விழா தொடங்கி நினைவஞ்சலி வரையில், ஊராரின் நல்லதும் கெட்டதும் அவள் விரல்களின் வழியாகவே தாளில் ஏறின. அவளுக்குப் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் வேல்விழி அமர்ந்திருந்தாள். கணவன் காலமான பிறகு அவனது பீங்கான் ஷெட்டைத் தனியொருத்தியாக நடத்திவருபவள் அவள். கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பருவத்திலும் அகல் விளக்குகள் விற்காமல் தேங்கினால் ஷெட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்று இடத்துக்குரியவர் திட்டவட்டமாகக் கூறிவிட்டார். ஆதலால் அந்த நோட்டீஸ் அவளுக்கு வெறுந்தாள் அன்று. அவளுடைய சூளையின் ஆயுள்.

“மேல புள்ளையாரு படம் போடலியா கனி?”

“புள்ளையாரு வேண்டாம், கோபுரம் வேண்டாம், உங்க மாமனாரு போட்டோவும் வேண்டாம். ஆளுக்கொரு மூலையில நின்னுக்கிட்டா யாவாரத்த யாரு பாக்குறது? ஒரே படம். நீங்க அகல ஏத்திக் கையில வெச்சிருக்கணும். அந்த வெளிச்சம் உங்க மூஞ்சில வுழணும்.”

“என் மூஞ்சியப் பாத்து யாருடி விளக்கு வாங்கப் போறா?”

“மூஞ்சி இருந்தாத்தான் தாளக் கசக்க மனசு வராது. அதுக்குத்தான்.”

கனிமொழியின் அறிவு அனுபவத்தில் விளைந்தது. பெயர் பெரிதாக இருக்க வேண்டும். முகவரியைப் படித்தவர் வழி கேட்காமல் வந்து சேர வேண்டும். வாக்குறுதி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். ‘எங்கள் விளக்கு எந்த வீட்டிலும் நின்று எரியும்’ என்பது அந்த வாக்குறுதி. ‘இந்த நோட்டீஸுடன் வருபவர்க்கு ஓர் அகல் இலவசம்’ என்பது அதன் கீழே ஒரு கட்டத்துக்குள் நின்றது. எல்லாம் முடிந்ததும் வேல்விழி தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

“பின்னாடி ஒண்ணும் காணும்?”

“அதான் சூட்சுமம். பின்பக்கம் வெள்ளையா வுட்டா யாரும் தூக்கி எறிய மாட்டாங்க. கோலம் போட்டுப் பாப்பாங்க, மளிகைச் சாமான் எழுதுவாங்க. உங்க மூஞ்சி அவங்க வூட்டுலயே கெடக்கும்.”

வேல்விழி சிரித்தாள். தன் முகம் முன்பின் அறியாத வீடுகளில் கிடக்கப்போகிறது என்பது அவளுக்கு அப்போது வேடிக்கையாகவே இருந்தது.

நோட்டீஸ் பேருந்துகளில் ஏறியது. செய்தித்தாள்களின் மடிப்புக்குள் புகுந்தது. கம்மாபுரம் சாலையில் போகும் இருசக்கர வண்டிகளின் முன்பைகளில் செருகப்பட்டது. கனிமொழி சொன்னது சொன்னபடியே நடந்தேறியது. ஒருவரும் அதனைக் கீழே போடவில்லை. கையில் நோட்டீஸுடன் பெண்கள் ஷெட்டைத் தேடி வந்தார்கள். கோயில் கமிட்டியார் வந்தார்கள். அருகிலுள்ள மங்களூர்ப் பக்கத்துக் கடைக்காரர்கள் மொத்தமாகக் கேட்டு முன்பணமும் தந்து போனார்கள். இருப்பு கரைந்தது. வார்த்து உலர்த்திய, இன்னும் சுடாத பச்சை அகல்கள் பலகை பலகையாகச் சூளைக்குள் அடுக்கப்பட்டன. நெடுங்காலத்துக்குப் பின் வேல்விழி மனம்விட்டு ஒரு டீ வாங்கிக் குடித்தாள்.

அன்று பிற்பகல் சூளை பற்றவில்லை.

சூளையைக் கவனித்துவந்தவர் பச்சமுத்து. அவர் காஸ் குழாயைத் திறந்து, நீண்ட கம்பியின் முனையில் தீயை ஏந்தி நீட்டினார். தீ பர்னரின் வாயில் பற்றியது, நீலமாக எழுந்தது. எழுந்த சுடர் எல்லாச் சுடரையும்போல் மேல்நோக்கி நிற்கவில்லை. வாசற்பக்கமாக மெல்லத் திரும்பியது. பெயர் சொல்லி அழைக்கப்பட்ட ஓர் ஆள் தலைதிருப்பிப் பார்ப்பதுபோல் ஒரு கணம் நின்று, பின்னர் அணைந்தது. புகைகூட எழவில்லை.

“காத்தா இருக்கும்ண்ணே,” என்றாள் வேல்விழி.

“காத்து எங்கம்மா அடிக்குது? என் பீடிப் பொகையே நேரா நிக்குது,” என்றவர், சொன்ன வாய் மூடுமுன் பீடியைப் பார்த்தார். அதுவும் அணைந்திருந்தது.

சிலிண்டரை மாற்றினார்கள். பழுது பார்ப்பவர் வந்து குழாயையும் பர்னரையும் கழற்றிச் சோதித்து, ஒரு குறையும் இல்லையென்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். அதே பர்னரைப் பக்கத்து ஷெட்டில் வைத்துப் பற்றவைத்தபோது அது ஓங்கி எரிந்தது. வேல்விழியின் கூரைக்குள் கொண்டுவந்ததும் சுடர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறைந்தது. மாலையில் அவள் வீட்டுக்குப் போனாள். சோற்றுக்கு உலை வைத்தாள். அடுப்பும் அவ்வாறே செய்தது. சாமி மாடத்தில் விளக்கு ஏற்றப் போனவள், குச்சியைக் கிழிக்கும் முன்பே கையைப் பின்னிழுத்துக்கொண்டாள். அந்தச் சுடர் யாரைப் பார்க்கிறது என்பதை மீண்டும் ஒருமுறை காண அவளுக்கு மனத்துணிவு இல்லை.

அடுத்தடுத்து வந்த நாட்களில் அவள் கடைச் சோறே உண்டாள். வாங்கிவந்த சோறு சூடாக இருந்தது. வீட்டுப் படியைத் தாண்டியதும் அது பழைய சோற்றைப்போல் குளிர்ந்துகிடந்தது. தொலைபேசி ஓயாமல் ஒலித்தது. அகல் எப்போது கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு, நாளை என்றே அவள் சொல்லிவந்தாள்.

ஒரு காலையில் பச்சமுத்து, வேலைக்கு வந்ததும் வராததுமாக, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஒண்ணு சொல்றேன், பயந்துக்காதீங்கம்மா. உங்கள களிமேட்டுல பாத்தேன்.”

“நான் எதுக்குண்ணே அங்க போறேன்?”

“நீங்க போவல. உங்க படம் போயிருக்குது.”

களிமேடு என்பது பழைய மண்வெட்டுக் குழிகளுக்கு அப்பால், இரயில் பாதையை ஒட்டிய மேட்டு நிலம். அங்கே குதிரைமேல் அமர்ந்த முனியப்பர் ஒருவர் இருக்கிறார். பூசாரி இல்லை, கூரையும் இல்லை. கொளஞ்சியப்பர் கோயிலில் முறைப்படி பிராது கட்டுவதற்குச் சென்று வர இயலாதவர்கள், தங்கள் முறையீட்டைத் தாங்களே ஒரு தாளில் எழுதி, சுருட்டி, முனியப்பர் முன் நட்டிருக்கும் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். குற்றம் செய்தவன் பெயரும் ஊரும் தாளில் இருக்க வேண்டும். அவனுக்கு என்ன நேர வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். கட்டியவர் வாரந்தோறும் வந்து நினைவூட்டுவார். கட்டியவரைத் தவிர வேறொருவர் அவிழ்க்கக் கூடாது. இதில் எவரும் விளையாடியதில்லை.

இருவரும் போய்ப் பார்த்தார்கள். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த எத்தனையோ தாள்களுக்கு நடுவே, வேல் முனைக்குச் சற்றுக் கீழே, அவளுடைய நோட்டீஸ் மஞ்சள் நூலால் கட்டப்பட்டிருந்தது. பின்பக்கத்தில் எழுதியது உட்புறம், படம் வெளிப்புறம். அவளுடைய முகமும் பெரிதாக அச்சிட்ட பெயரும் வழி கேட்காமல் வந்து சேரத்தக்க முகவரியும் குதிரைமேல் இருப்பவரின் கண்ணுக்கு நேராக இருந்தன. சுருட்டியவர் தாளை வேலில் ஒருமுறை குத்தியிருந்தார். துளை, படத்தில் அவள் ஏந்தியிருந்த அகலின் சுடர் இருக்கவேண்டிய இடத்தில் விழுந்திருந்தது.

“நான் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலியேண்ணே,” என்றாள் அவள். தன் குரல் அவ்வளவு மெல்லியதாக வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

“அது எனக்குத் தெரியும். அவருக்கு இதுலதான தெரியணும்,” என்று பச்சமுத்து தாளைக் கண்ணால் காட்டினார். விரலால் காட்ட அவர் முன்வரவில்லை.

நினைவூட்டுவோர் வரும் கிழமையில் அவர்கள் அங்கே காத்திருந்தார்கள். வெயில் தாழ்ந்தபோது கையில் எலுமிச்சம்பழத்துடன் ஒரு பெண்மணி மேடேறி வந்தாள். கம்மாபுரத்துப் பக்கம் விவசாயம் செய்துவந்த பெரியம்மாள் அவள் என்பது பேச்சில் தெரியவந்தது. அவள் வேல்விழியைப் பார்த்தாள். வேலில் இருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடியும் வேல்விழியைப் பார்த்தாள்.

“விளக்குக்காரப் பொண்ணுதான நீ? படத்துல ரவ செவப்பா இருக்குற.”

“ஏம்மா, என் தாள எதுக்குக் கட்டுனீங்க? என் வூட்டுல அடுப்பு பத்தல. சூளை பத்தல.”

பெரியம்மாள் எலுமிச்சம்பழத்தைக் குதிரையின் காலடியில் வைத்துவிட்டு, அங்கேயே குந்தினாள்.

“பஸ்ஸுல குடுத்தாங்க. பின்பக்கம் பளிச்சுனு வெள்ளையா இருந்துச்சு. நல்ல தாளு. சாமிக்கு அழுக்குத் தாள்லயா எழுதுறது? சுரங்கத்துக்கு நெலம் எடுத்தப்ப, என் வூட்டுக்காரரு பங்கையும் தன் பங்குன்னு காட்டிப் பணத்த மொத்தமா வாங்கிக்கிட்டாங்க. நானும் என் புள்ளைங்களும் வாடகை வூட்டுல கெடக்குறோம். அதத்தான் எழுதுனேன். எங்க சோத்துல மண்ணப் போட்டவங்க வூட்டுல அடுப்பு எரியக் கூடாதுன்னு எழுதுனேன்.”

“யாருன்னு எழுதுனீங்க?”

“எழுதல.”

“ஏன்?”

“அவரு என் மூத்தாரு. கல்யாணமாயி வந்த நாள்லேந்து அவரு பேர நான் வாயால சொன்னதில்ல. கையால மட்டும் எழுதுவனா? சாமிக்குத் தெரியாததான்னு வுட்டுட்டேன்.”

கணவனின் மூத்த உடன்பிறந்தவன் பெயரைச் சொல்வது மரியாதைக் குறைவு. அந்த மரியாதையில் பெரியம்மாள் இம்மியும் பிசகவில்லை. அவன் குடும்பத்து அடுப்பு அணைய வேண்டும் என்று எழுதிய தாளிலும் அவள் பிசகவில்லை. விளைவு யாதெனின், அத்தாளில் இருந்த பெயர் ஒன்றே ஒன்று. அது பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

“அவுத்துருங்கம்மா. உங்க காலப் புடிக்கிறேன்.”

“நியாயம் கெடைக்காம அவுத்தா அது என் புள்ளைங்க மேல திரும்பும். வேற ஆளு பேரு வந்து நின்னாத்தான் நான் இத அவுக்கலாம்.” பெரியம்மாள் இப்போது வேல்விழியின் முகத்தை நேராகப் பார்த்தாள். “உன்கிட்டதான் பேரு போடுற ஆளு இருக்குதே.”

அவள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து, ஏதோ திருமணப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். பச்சமுத்து எட்டிப் பார்த்தார்.

“இவரு கம்மாபுரத்துத் தங்கதுரைல்ல?”

பெரியம்மாள் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அதுவே அவளது மறுமொழி.

அச்சுக் கடையில் இதைக் கேட்ட கனிமொழி முதலில் சிரித்தாள். வேல்விழி சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

“ஒரே ஒரு காப்பியா? அக்கா, எனக்குப் புள்ளைக்குட்டி இருக்குது.”

“உன் பேரு எங்கயும் வராது. நாளைக்குச் சூளை எரியலன்னா மங்களூர்க்காரங்க முன்பணத்தத் திருப்பிக் கேப்பாங்க. ஷெட்டு போயிடும் கனி.”

கனிமொழி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். ஆயினும் தொழில் என்பது பழகிய கையை விடாது. அவளையும் அறியாமல் அவள் கேட்டாள்: “எங்கேந்து படிப்பாரு? குதிரை மேலேந்தா, கீழ எறங்கியா?”

“மேலேந்துதான்.”

“அப்ப எழுத்து இன்னும் பெருசா வெக்கணும்.”

படம் ஒன்றே ஒன்று, பெயர் பெரிதாக, முகவரி தெளிவாக. கம்மாபுரம் சாலையில் புதிதாகக் கட்டிய வீடு, பச்சை வண்ணக் கேட், எதிரே தண்ணீர்த் தொட்டி. வாக்கியம் ஒன்றே ஒன்று: ‘இந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது.’ அச்சாகி வெளிவந்த தாளை வேல்விழி திருப்பிப் பார்த்தாள்.

“பின்பக்கம் வெள்ளையா வுடாத கனி.”

கனிமொழி மறுபக்கத்திலும் அதே முகத்தை அச்சிட்டாள். அவள் அதற்குக் கூலி வாங்கவில்லை.

மறுநாள் பொழுது சாயும் வேளையில் களிமேட்டில் அது நிறைவேறியது. பெரியம்மாள் தன் தாளை அவிழ்த்தாள்; புதிய தாளைக் கட்ட மட்டும் மறுத்தாள். “அவரு பேரு இருக்குற தாள நான் தொடக் கூடாது. நீயே கட்டு. கட்டுன கைதான் அவுக்கணும், ஞாபகம் வெச்சுக்க,” என்றாள். வேல்விழி நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிட்டாள். நிமிர்ந்தபோது குதிரையின் கண்கள் கம்மாபுரம் இருக்கும் திசையை நோக்கியிருந்ததாக அவளுக்குத் தோன்றியது. அவை முன்பும் அத்திசையைத்தான் நோக்கியிருந்தனவா என்பது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

அவள் ஷெட்டுக்குத் திரும்பியபோது பச்சமுத்து சூளை வாயிலில் நின்றுகொண்டிருந்தார். சுடர் நிமிர்ந்து நின்றது. அது எரிந்த விதம் முன் எப்போதும் காணாதது. வெந்து இறங்கிய அகல்களில் ஒன்றுகூட விரிசல் காணவில்லை. பூச்சு கண்ணாடிபோல் மின்னியது. அடுத்த சுற்றும் அவ்வாறே. மங்களூர்க்காரர்கள் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். இடத்துக்குரியவர் தாமே வந்து, ஷெட் உனக்கே இருக்கட்டும் என்று சொல்லி, வீட்டுக்கு இரண்டு விளக்கும் வாங்கிச் சென்றார். வேல்விழி தன் வீட்டு அடுப்பில் சோறு வடித்தாள். வாய்க்கு ருசியாகவே இருந்தது. சாமி மாடத்து விளக்கை மட்டும் அவள் இன்னும் ஏற்றவில்லை. நாளை ஏற்றலாம் என்று ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டாள்.

தீபத்துக்கு முந்தைய வாரம், சூளை உச்ச வெம்மையில் இருந்த ஒரு முற்பகலில், ஓர் இளம்பெண் ஷெட்டின் வாசலில் வந்து நின்றாள். கையில் நோட்டீஸ் இருந்தது. மற்றவர்கள் கொண்டுவருவதைப்போல் நான்காக மடிக்கப்படாமல், அது விரித்தபடியே இருந்தது.

“அக்கா, வேல்விழி அக்கா நீங்கதான? எம்பேரு காவியா. கம்மாபுரத்துலேந்து வரேன். இதக் கொண்டாந்தா ஒரு அகலு குடுப்பீங்கன்னு போட்டிருக்குது.”

“குடுப்போம்மா. எடுத்துக்க.”

“ஏத்திக் குடுக்குறீங்களா?”

அகல்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த வேல்விழியின் கை நின்றது.

“எங்க வூட்டுல அடுப்பு பத்தலக்கா,” என்றாள் காவியா. “எந்த நெருப்பக் கொண்டாந்தாலும் நிக்கல. வாசலப் பாக்குது, அணைஞ்சிடுது. ஓட்டல் சோறு வாங்கியாந்தாலும் படியேறுனா சில்லுனு போயிடுது. மாமனாரு சோறே தின்னாம படுத்த படுக்கையா இருக்காரு. பாலக் காய்ச்சக்கூட முடியல, பக்கத்து வூட்டுக்கு எத்தினி தடவ போறது? அப்பத்தான் இந்த நோட்டீஸு எங்க வூட்டுல கெடந்துச்சு. எந்த வூட்டுலயும் நின்னு எரியும்னு போட்டிருக்கீங்களே.”

வேல்விழி தாளைப் பார்த்தாள். அகலின் வெளிச்சம் விழுந்த தன் முகத்தைப் பார்த்தாள். கசக்க மனம் வராத அந்த முகம் ஒரு வீடு தவறாமல் போய்ச் சேர்ந்திருந்தது.

“வூட்டுக்கு எதிர்ல தண்ணித் தொட்டி இருக்குதா?” என்று அவள் வினவினாள். விடை அவளுக்குத் தெரியும்.

“ஆமாக்கா. பச்சை கேட்டு. உங்களுக்கு எங்க வூடு தெரியுமா?”

வேல்விழி ஓர் அகலில் எண்ணெய் ஊற்றி, திரியிட்டு, சூளையின் தீயிலிருந்தே பற்றவைத்துக் காவியாவின் கையில் கொடுத்தாள். காவியாவின் முகம் மலர்ந்தது. ஒரு கையால் சுடரை மறைத்தபடி அவள் மெல்ல நடந்தாள். ஷெட்டின் வாசற்படியில் அவள் கால் வைத்த கணத்தில், சுடர் அவள் போகும் திசையில் அன்றி, பின்புறமாக, வேல்விழியை நோக்கித் திரும்பியது. ஒரு கணம் நின்றது. அணைந்தது.

காவியா கோபிக்கவில்லை, அழவும் இல்லை. அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. திரும்பி வந்து அகலை நீட்டினாள்.

“இன்னொரு தடவ ஏத்திக் குடுங்கக்கா.”

மீண்டும் ஏற்றினாள். மீண்டும் வாசற்படியில் அது அணைந்தது. அதன் பிறகு வேல்விழி பச்சமுத்துவைப் பார்த்தாள். அவர் சூளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்ப்பதைத் தவிர்த்தார். களிமேடு அங்கிருந்து நடந்து போகும் தொலைவுதான். முடிச்சு அவள் இட்டது, அவளே அவிழ்க்கலாம். அவிழ்த்தால் நியாயம் கிடைக்காத அந்தப் பிராது கட்டிய கைக்கே திரும்பும். உள்ளே, வெந்தும் வேகாமலும், தீபத்துக்குத் தர வேண்டிய கடைசிப் பெரிய ஆர்டரின் அகல்கள் செக்கச்செவேலென்று அடுக்கில் நின்றன.

“கொஞ்சம் உக்காரும்மா,” என்றாள் வேல்விழி. “இந்தச் சுத்து வெந்து எறங்கட்டும். அப்புறமா நான் ஒரு எடத்துக்குப் போயிட்டு வரேன். உங்க வூட்டுல பத்தும்.”

“நெசமாவாக்கா?”

“நெசமாத்தான்.”

காவியா சுவரோரமாகச் சாய்ந்து அமர்ந்தாள். அணைந்த அகல் மடியில் இருந்தது. நோட்டீஸை அவள் முழங்காலின்மேல் வைத்து, சுருக்கம் விழாதபடி நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். வெம்மை தணிந்து, சூளையின் கதவு திறந்து, அகல்கள் ஒவ்வொன்றாக இறங்கிய நேரமெல்லாம் அவள் கண்ணெடுக்காமல் வேல்விழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கையைத் தவிர வேறெதுவும் இல்லை.

மேசைமேல் தொலைபேசி ஒலித்தது. இன்னும் அகல் வேண்டுமாம், நோட்டீஸைப் பார்த்தார்களாம்.

சூளை வெறுமையாகிவிட்டது. உலர்ந்த பச்சை அகல்கள் பலகைகளில் காத்திருந்தன. பச்சமுத்து கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“அடுத்த சுத்து அடுக்கட்டுமா, வேண்டாமாம்மா?”

வேல்விழி காவியா இருந்த பக்கம் திரும்பவில்லை.

“அடுக்குங்க,” என்றாள்.